பதினெட்டு வயசானா துரத்தி விட்டுடுவாங்களாம்ல?

"வெள்ளைக்காரன் பதினெட்டு வயசானா புள்ளையை வீட்டை விட்டுத் துரத்திடுவான், பாசம்னா அது நம்ம ஊருதான்." இதை இன்னும் எத்தனை பதிவுல படிக்கணும் மக்களே? எழுதுறவங்கள்ல பாதிப் பேர் அமெரிக்காவுல உக்காந்துதான் எழுதுறாங்க. ஒரு நாளாவது பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கீங்களாய்யா?

என் டீம்ல ஒரு பையன், வயசு 27. லேக் டாஹோவுக்குப் பனிச்சறுக்குப் போன இடத்துல விழுந்து முழங்கால்ல ஏ.சி.எல். கிழிஞ்சு போச்சு. (பொறியாளன் புத்தி, ஒண்ணு சொல்லிடறேன். விழுந்தா பூட்ஸ் தானா கழண்டுக்கிற மாதிரிதான் ஸ்கீ பைண்டிங் செய்யறாங்க. அதனால கணுக்காலுக்கு மேல எலும்பு முறியறது ரொம்பக் குறைஞ்சது. ஆனா பின்பக்கமா சாஞ்சு விழும்போது முழங்கால் முறுக்கிக்கிறதை அது கண்டுக்கவே கண்டுக்காது. அந்த டெஸ்ட் கேஸை யாரும் எழுதலை போல.)

உடனே ஆபரேஷன் செய்யலை. வீக்கம் வடிஞ்சு கால் ஒழுங்கா நீட்டி மடக்க வரணும்னு சில வாரம் காத்திருந்தாங்க. அப்புறமும் ஆஸ்பத்திரியில தங்கறதெல்லாம் இல்லை. காலைல போனா சாயங்காலம் வீடு. கூட்டிட்டுப் போக ஒரு ஆள் வரணும், டாக்ஸி டிரைவர் கணக்குல வராது. நாங்க நாலு பேர் வர்றோம்னு சொன்னோம். அதுக்குள்ள ஒஹையோவுல இருந்து அவங்க அம்மா டிக்கெட் போட்டாச்சு. மளிகைக் கடையில கேஷியர். சேர்த்து வச்சிருந்த விடுமுறை மொத்தத்தையும் இதுக்குச் செலவு பண்ணாங்க.

மரத்துப்போக நரம்புல போட்ட ஊசி ராத்திரிதான் விட்டுச்சு. அப்பதான் நிஜ வலி. அதுக்கு முன்னாடியே மாத்திரை உள்ள போயிருக்கணும்னு அந்தம்மா ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எழுப்பியிருக்காங்க. தலையணையை முழங்காலுக்கு அடியில வைக்காம குதிகாலுக்கு அடியில வச்சாங்க. முழங்காலுக்கு அடியில வச்சா சுகமா இருக்கும், ஆனா கால் மடங்கினபடியே இறுகிடும், நேரா நீட்ட வராது. பையன் கெஞ்சியும் அந்தம்மா மாத்தலை.

என்னை அசத்தினது வேற. டாக்டர் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி "நானும் வரட்டுமா?"னு மகன்கிட்ட கேட்டாங்க. 1996ல வந்த ஹிப்பா சட்டப்படி 18 தாண்டினா வைத்திய விவரம் புள்ளையோடது, அம்மாங்கிற ஒரே காரணத்துக்காகக் கேட்டு வாங்க முடியாது. ஆனா அந்தம்மா சட்டத்துக்குப் பயந்து கேட்ட மாதிரி எனக்குத் தெரியலை. ஒட்டுப்போடற தசைநாரை முழங்கால் சில்லுக்குக் கீழருந்து எடுக்கறதா, தொடைக்குப் பின்னாலிருந்து எடுக்கறதான்னு முடிவு பண்ணினது பையன். அம்மா ஒரு துண்டுச்சீட்டுல நாலு கேள்வி எழுதிக் கொடுத்தாங்க, அவ்ளோதான். "உனக்கு எதுக்குடா இந்த வேண்டாத வேலை"ங்கிற வசனம் கடைசி வரைக்கும் வரவே இல்லை.

இதுக்குப் பேரு பாசம் இல்லைன்னா வேற என்னங்க?

திட்டியே ஆகணும்னா சட்டத்தைத் திட்டுங்க, நானும் வர்றேன். 2010 சட்டப்படி 26 வயசு வரைக்கும் புள்ளையை அப்பா அம்மா இன்ஷூரன்ஸ்ல வச்சுக்கலாம். ஆனா குடும்பத்துல ஒருத்தருக்கு முடியலைன்னா 12 வாரம் சம்பளமில்லா லீவு தர்ற 1993 சட்டம், 18 தாண்டின புள்ளைன்னா உடல் குறையோ மனக் குறையோ இருந்து தன்னைத் தானே பார்த்துக்க முடியாத நிலைமையில இருந்தாத்தான் செல்லும்ங்குது. முட்டி ஆபரேஷனுக்கு அதை வாங்கறது லேசு இல்லை. அதனாலதான் அந்தம்மாவோட வருஷ விடுமுறை போச்சு.

இப்ப நம்ம கதைக்கு வருவோம். நம்ம அம்மாக்கள் வரமுடியாததுக்கு விசா, இருபது மணி நேரத்துக்கு மேல பயணம்னு ஆயிரம் காரணம் இருக்கு. அதை நான் குத்தம் சொல்லலை. ஆனா இங்க கால் உடைஞ்ச, அப்பெண்டிக்ஸ் எடுத்த நம்ம பசங்க எத்தனை பேர் வீட்டுல சொன்னாங்க? ஆபரேஷனுக்கு மறுநாள் கேமராவைக் கழுத்துக்கு மேல மட்டும் தெரியற மாதிரி வச்சு "சாப்டேம்மா"ங்கறான். கேட்டா "அம்மா பயந்துடுவாங்க"ங்கறான். பாதி நிஜம்தான். மீதிப் பாதி என்ன தெரியுமா? சொன்னா ஜாதகம் வரும், மாமா வருவார், "வேலையை விட்டுட்டு ஊருக்கு வா" வரும், பொண்ணு பார்க்கிற இடத்துல சொல்லிடாதேங்கிற எச்சரிக்கை வரும். முட்டி அவனுது, முடிவு மட்டும் ஊரோடது. அதனால பொய் சொல்றான். அந்தப் பொய்யைத்தான் நாம பாசம்னு பதிவுல எழுதிக்கறோம்.

"இது ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு"ன்னு பின்னூட்டம் போட வர்ற அண்ணாச்சிமாரே, தாராளமா போடுங்க. கூடவே ஒரு வரி, நீங்க கடைசியா ஆஸ்பத்திரியில படுத்தது உங்க அம்மாவுக்குத் தெரியுமான்னும் எழுதிடுங்க.