மேடைக் கதையும் 100 ரூபாய் ஆவணமும்

வடிவமைப்பு, ஆடை அலங்காரத் துறைகளில் தொழில் தொடங்கியவர்களை மேடையேற்றி, அவர்கள் சொல்லும் கதையை அப்படியே அச்சிடும் வழக்கம் எல்லை மீறிவிட்டது. வெறுங்கையோடு வந்தேன், ஒரு யோசனை உதித்தது, இன்று கோடிகள் என்பதே எல்லாக் கதைகளும். நிறுவனப் பதிவாளரிடம் தாக்கலான கணக்கை யாரும் புரட்டுவதில்லை. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதைப் பார்க்க 100 ரூபாய் போதும்.

ஆடை விற்பனைத் தளமான ஜிலிங்கோவை எடுத்துக்கொள்வோம். பாங்காக்கின் சத்துசக் சந்தையில் அதன் இணை நிறுவனர் அங்கிதி போஸுக்கு யோசனை பிறந்த கதை உலகமெங்கும் போனது. 2019இல் நிறுவனத்தின் மதிப்பு 97 கோடி டாலர். ஆனால், அதன் தலைமையிடமான சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகளின் கணக்கு தாக்கலாகவே இல்லை. 2022இல் நிதி முறைகேடு குற்றச்சாட்டுகளை அடுத்து போஸ் நீக்கப்பட்டார். அவற்றை அவர் மறுக்கிறார். நான் கேட்பது வேறு: தாக்கலாகாத கணக்கு ஏன் எந்தப் புகழுரையிலும் இடம்பெறவில்லை?

இந்தப் பாடத்தை முதலில் படித்திருக்க வேண்டிய ஊர் ஹைதராபாத். 2007இல் அங்குள்ள சத்யம் மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜு ஆண்டின் சிறந்த தொழில்முனைவோர். 2008 செப்டம்பரில் அவரது நிறுவனத்துக்கு நல்ல நிர்வாகத்துக்கான ‘கோல்டன் பீகாக்’ விருது. 2009 ஜனவரி 7 அன்று அவரே எழுதிய கடிதத்தில் உண்மை வந்தது. வங்கியில் இருப்பதாகக் காட்டிய தொகையில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. ஒரு காலாண்டில் 24 சதவீதம் என்று அறிவித்த லாப விகிதம் உண்மையில் 3 சதவீதம்.

கணக்கே பொய் என்றால் ஆவணத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். பங்கு விவரத்தைப் பாருங்கள். 2001இல் ராஜு தரப்பின் கையில் 25 சதவீதத்துக்கு மேல் பங்கு இருந்தது. 2008 மார்ச்சில் 9 சதவீதம்கூட இல்லை. வளர்ச்சிக் கதையை ஊருக்குச் சொன்னவர்களின் பங்கு ஏழு ஆண்டுகளாகக் கரைந்துகொண்டிருந்தது. இது ஒளித்துவைத்த தகவல் அல்ல, யாரும் படிக்கக்கூடியது. இந்த ஒரு வரிசை எண்களைப் படித்திருந்தால், விருதுக் குழுக்களுக்கு வேறு எச்சரிக்கையே தேவைப்பட்டிருக்காது.

ஹைதராபாத்தின் கச்சிபௌலியில் உள்ள இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் அன்றைய டீன் ராம்மோகன் ராவ், சத்யத்தின் சுயேச்சை இயக்குநர். ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க ஒப்புதல் தந்த 2008 டிசம்பர் 16 கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அவர்தான். முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் அந்த முடிவு கைவிடப்பட்டது. மோசடி வழக்கில் ராவ் குற்றம்சாட்டப்பட்டவர் அல்ல. ஆனால், நிர்வாகம் கற்பிப்பவரே இப்படி ஒப்புதல் தந்தால், செய்தியாளரும் மாணவரும் யாரிடம் கற்பார்கள்?

இளம் நிறுவனங்களிடம் காகிதம் கேட்டால் கனவு கருகிவிடும் என்கிறார்கள். வெற்றுச் சாக்கு. சம்பளம் வராமல் தெருவுக்கு வரும் ஊழியரின் கனவு இவர்கள் கணக்கில் வராதா?

இளம் நிறுவனங்களை வளர்க்கும் ஹைதராபாத்தின் டி-ஹப் போன்ற அரசு சார்ந்த அமைப்புகள், மூன்று ஆண்டுக் கணக்கையும் பங்கு விவரத்தையும் பொதுவில் வைக்காத எவருக்கும் மேடையோ விருதோ தரக் கூடாது. பத்திரிகைகளும் இந்த விவரங்கள் இல்லாத நிறுவனர் பேட்டியை இன்றே நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தால் இன்னொரு சத்யம் இந்த ஊரில் முளைக்காது.