கைமாற்று

டெட்ராய்ட் நகரில் இப்போது பனி. அங்குள்ள கொமேரிக்கா பார்க் பேஸ்பால் திடல் வசந்தம் வரும்வரை பூட்டித்தான் கிடக்கும். ஆனால் ஊர் வாய் ஓயவில்லை. தாரிக் ஸ்கூபல் என்ற 29 வயது பந்து வீச்சாளரை டைகர்ஸ் அணி வைத்துக்கொள்வதா, இல்லை நல்ல விலை கிடைக்கும்போதே வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு நாலு இளம் வீரர்களை வாங்கிக்கொள்வதா? 2025 நவம்பரில்தான் அவருக்குச் சை யங் விருது கிடைத்தது, தொடர்ந்து இரண்டாவது ஆண்டாக. அந்த லீக்கின் ஆகச் சிறந்த பந்து வீச்சாளருக்குத் தரும் விருது அது. அப்படிப்பட்டவரை விற்கலாமா என்று ஓர் ஊரே சண்டை போடுகிறது.

இங்கே கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எதற்கு டெட்ராய்ட் என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, என் பெரியம்மா மகன். அங்கே கார் உதிரிபாக நிறுவனமொன்றில் வேலை. போய்ச் சேர்ந்த இரண்டாம் ஆண்டே டைகர்ஸ் தொப்பி போட ஆரம்பித்துவிட்டார். இன்னொன்று, கடிகாரம். பேஸ்பால் நடக்கும் மாதங்களில் டெட்ராய்ட்டுக்கும் நமக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 7 மணி என்றால் இங்கே காலை 7 மணி. வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவளுக்கு இதைவிட வசதியான விளையாட்டு வேறு உண்டா? பாட்டு ஓடும் நேரத்தில் ஓரத்துத் திரையில் ஸ்கோர் பார்த்துக்கொள்ளலாம்.

பேஸ்பால் பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரிக்கெட்டில் பந்து வீச்சாளர்கள் ஓவருக்கு ஓவர் மாறுவார்கள். இங்கே முதல் பந்திலிருந்து ஐந்து, ஆறு இன்னிங்ஸ்வரை ஒரே ஆள்தான் வீசுவார். அவர்தான் தொடக்கப் பந்து வீச்சாளர். ஒரே நாளில் 90, 100 பந்துகள், அதுவும் முழு வேகத்தில். கை என்ன ஆகும்? அதனால் அடுத்த நான்கைந்து நாளுக்கு அவர் வீசமாட்டார். ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். அதற்கு இப்படி ஐந்து பேராவது வேண்டும். உண்மையிலேயே நல்லவர்கள் எந்த அணியிலும் ஒருவரோ இருவரோதான். அவர்களைத்தான் எல்லாரும் துரத்துகிறார்கள்.

துரத்திப் பிடிக்கும் வழிக்குப் பெயர் டிரேட். காற்பந்தில் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து வாங்குவார்கள். இங்கே பெரும்பாலும் ஆளுக்கு ஆள். நாளைக்கு நட்சத்திரமாவார் என்று நம்பப்படும் 19, 20 வயதுப் பையன்களைக் கொடுத்து இன்றைய நட்சத்திரத்தை வாங்குவார்கள். வீரரை யாரும் கேட்பதுகூட இல்லை. காலையில் ஓர் ஊர்ச் சட்டை, மாலையில் இன்னோர் ஊர்ச் சட்டை. இதைத் தமிழில் ‘கைமாற்று’ என்று எழுதலாமா என்று யோசித்தேன். ஆனால் எங்கள் வீட்டில் கைமாற்று என்றால் சம்பளம் வரும்வரை பக்கத்து வீட்டில் வாங்கும் 50 வெள்ளி. அது திரும்பி வந்துவிடும். டிரேட்டில் போனவர் வரமாட்டார். அநேகமாக.

வாங்குவதா விற்பதா என்ற கேள்விக்குப் பாடம் படிக்க டெட்ராய்ட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. இரண்டையும் செய்து பார்த்த ஊர் அது.

1987 ஆகஸ்ட். டைகர்ஸ் அணி டொரோண்டோவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. தொடக்கப் பந்து வீச்சாளர் ஒருவர் குறைந்தார். அட்லாண்டா அணியிலிருந்து டாயல் அலெக்சாண்டரை வாங்கினார்கள். வயது 36. பதிலுக்குக் கொடுத்தது, கீழ் நிலை லீக்கில் தடுமாறிக்கொண்டிருந்த 20 வயதுப் பையன் ஒருவனை. அந்த மாநிலத்திலேயே வளர்ந்து, டைகர்ஸ் என்றால் உயிரை விடும் பையன்.

அலெக்சாண்டர் வந்தார். 11 ஆட்டங்களில் வீசினார். 9 வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. அவர் கொடுத்த ஓட்டங்கள் சராசரியாக 9 இன்னிங்ஸுக்கு 1.53. நான்குக்குக் கீழே இருந்தாலே கைதட்டுவார்கள். பருவத்தின் கடைசி வார இறுதியில் டொரோண்டோவை மூன்று ஆட்டங்களிலும் வீழ்த்தி, இரண்டே வெற்றி வித்தியாசத்தில் டைகர்ஸ் தன் பிரிவை வென்றது. அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் தோற்றுப்போனது. அலெக்சாண்டர் வீசிய இரண்டு ஆட்டங்களுமே தோல்வி.

அந்தப் பையன்? ஜான் ஸ்மோல்ட்ஸ். அட்லாண்டாவுக்காக இரண்டு பத்தாண்டுகள் வீசினார். 213 வெற்றிகள், 1996இல் சை யங் விருது, 1995இல் உலகத் தொடர் வெற்றி, 2015இல் புகழ் மண்டபத்தில் இடம். டைகர்ஸ் அடுத்த பிளேஆஃப் முகத்தைப் பார்க்க 2006 ஆயிற்று.

பேஸ்பால் உலகில் ‘முட்டாள்தனமான டிரேட்’ என்று பட்டியல் போட்டால் இது தவறாமல் வரும். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அலெக்சாண்டர் இல்லாமல் அந்த இரண்டு வெற்றி வித்தியாசம் எங்கிருந்து வந்திருக்கும்? அன்றைக்கு அவர்களுக்குத் தேவை ஒரு தொடக்கப் பந்து வீச்சாளர். ஓட்டை எங்கே இருந்ததோ அங்கே அடைத்தார்கள். விலை அதிகமாகிப்போனது என்பது வேறு கதை. 20 வயதுப் பையன் யாராவான் என்பது அன்றைக்கு அட்லாண்டாவுக்கும் தெரியாது.

என் கணக்கில் மோசமான டிரேட் 2014இல் நடந்தது. ஜூலை 31, டேவிட் பிரைஸை வாங்கினார்கள். அவர் சை யங் வென்றவர். அணியில் ஏற்கெனவே சை யங் வென்ற இருவர் இருந்தார்கள்: ஜஸ்டின் வெர்லாண்டர், மேக்ஸ் ஷெர்சர். மூன்று பவுன் சங்கிலி போட்டுக்கொண்டு கிழிந்த செருப்போடு கல்யாணத்துக்குப் போவதுபோல. கொடுத்தவர்களில் ஒருவர் நடுத்திடல் வீரர் ஆஸ்டின் ஜாக்சன். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே, இன்னிங்ஸின் நடுவில் அவரைத் திடலிலிருந்து வெளியே அழைத்தார்கள். என்ன நடக்கிறது என்று புரிந்த ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி வழியனுப்பினார்கள். அந்தக் காணொளியை இன்றைக்கும் கிடைத்தால் பாருங்கள். விளையாட்டு வியாபாரம் என்பதை அவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அக்டோபரில் பால்டிமோருக்கு எதிராக மூன்று ஆட்டங்களை ஷெர்சர், வெர்லாண்டர், பிரைஸ் என்று வரிசையாகத் தொடங்கினார்கள். மூன்றிலும் தோல்வி. முதல் இரண்டில் அணியைக் கவிழ்த்தது அவர்களுக்குப் பின்னால் வந்த மாற்றுப் பந்து வீச்சாளர்கள். ஓட்டை அங்கேதான் இருந்தது. செருப்பு.

மறு ஆண்டு ஜூலை 30. வாங்கி ஓராண்டு முடிய ஒரு நாள் குறைவு. பிரைஸை டொரோண்டோவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் அங்கே போய் 9 ஆட்டங்கள் வென்று, 1993க்குப் பிறகு முதன்முறையாக அந்த அணி பிரிவை வெல்லக் கைகொடுத்தார். டெட்ராய்ட்டுக்கு மூன்று இளம் பந்து வீச்சாளர்கள் கிடைத்தார்கள். ஒருவர்கூடப் பிரைஸ் ஆகவில்லை.

2017இல் வெர்லாண்டர் முறை. ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சில நிமிடங்களுக்கு முன் ஹூஸ்டனுக்குப் போனார். நீண்ட காலம் ஒரே அணியில் ஆடியதால் மறுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. கடைசி நேரத்தில் சம்மதித்தார். செப்டம்பரில் 5 வெற்றி, அடுத்து உலகத் தொடர் கோப்பை. டெட்ராய்ட் வாங்கிய மூவரில் எல்லாரும் கனவு கண்டது ஃபிராங்க்ளின் பெரெஸ் என்ற இளம் பந்து வீச்சாளரைப் பற்றி. காயத்துக்கு மேல் காயம். மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசாமல் போய்விட்டார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொடக்கப் பந்து வீச்சாளர் என்பவர் உடையக்கூடிய சரக்கு. அவரை விற்று இன்னோர் இளம் பந்து வீச்சாளரை வாங்கினால் அதே கண்ணாடியைத்தான் வேறு பெட்டியில் வாங்குகிறோம்.

இத்தனைக்கும் நடுவே டெட்ராய்ட் ஒருமுறை சரியாகச் செய்தது. 2024 ஜூலை கடைசி, அணி தோல்விப் பக்கம் சாய்ந்திருந்தது. எல்லாரும் இரண்டு பேரைக் கேட்டார்கள், ஸ்கூபலையும் ஜாக் ஃபிளாஹர்ட்டியையும். டைகர்ஸ் ஃபிளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்குக் கொடுத்தது. ஸ்கூபலை விடவில்லை. இருவருமே நன்றாகத்தான் வீசினார்கள். வித்தியாசம் ஒப்பந்தத்தில். ஃபிளாஹர்ட்டிக்கு அந்தப் பருவத்தோடு முடிகிறது, மிச்சம் இருந்தது இரண்டு மாதம். ஸ்கூபலுக்கு மேலும் இரண்டு முழுப் பருவங்கள். வானொலியில் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வாழ்கிற எனக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கவேண்டியதில்லை.

பிறகு நடந்தது யாரும் எதிர்பாராதது. ஆகஸ்ட் 10 வாக்கில் டைகர்ஸ் பிளேஆஃப் போகும் வாய்ப்பு 0.2 விழுக்காடு என்று சொன்னது ஃபேன்கிராஃப்ஸ் தளத்தின் கணிப்பு. அங்கிருந்து 44 ஆட்டங்களில் 31ஐ வென்று உள்ளே போனார்கள், 2014க்குப் பிறகு முதன்முறையாக. ஸ்கூபல் 18 வெற்றி. மற்ற நாள்களில் ஆளுக்கு ஒன்றிரண்டு இன்னிங்ஸ் என்று பலர் பங்குபோட்டு வீசினார்கள். ஃபிளாஹர்ட்டிக்குப் பதிலாக வந்த டிரே ஸ்வீனி அந்த ஓட்டத்தில் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நின்றார். ஃபிளாஹர்ட்டியோ டாட்ஜர்ஸுக்காக உலகத் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி, கோப்பையும் வென்று, 2025 பிப்ரவரியில் மறுபடி டெட்ராய்ட்டோடு ஒப்பந்தம் போட்டார். ஆக, சில சமயம் டிரேட்டும் கைமாற்றுதான்.

சரி, ஸ்கூபல். இப்போது அவர் கடிகாரமும் ஃபிளாஹர்ட்டியின் கடிகாரம் மாதிரி ஆகிவிட்டது. 2026 பருவம் முடிந்தால் அவர் சுதந்திரப் பறவை. யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். அவர் முகவர் ஸ்காட் போராஸ். சந்தைக்குப் போகாமல் மலிவாகக் கையெழுத்துப் போடவைக்கும் ஆளல்ல. விலகிப் போனால் டெட்ராய்ட்டுக்கு மிஞ்சுவது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கூடுதலாக ஓர் இடம், அவ்வளவுதான். கையும் ஏற்கெனவே இருமுறை கத்தியைப் பார்த்த கை. 2016இல் கல்லூரியில் முழங்கை அறுவை சிகிச்சை, 2022இல் முன்கைத் தசைநாரில் இன்னொன்று.

அண்ணன் விற்கச் சொல்லும் கட்சி. “போறவன் போகத்தான் போறான் லா. சும்மா போறதுக்கு நாலு நல்ல பையனுங்கள வாங்கிப் போட்டா என்னம்மா?” என்கிறார். அவர் தர்க்கத்தில் குற்றம் இல்லை. கணக்குப் புத்தகத்தை மட்டும் திறந்து வைத்தால் நானும் அதையே சொல்வேன்.

ஆனால் அக்டோபர் 10, சியாட்டலில் நடந்த அந்த ஐந்தாவது ஆட்டத்தை நான் கேட்டேன். நமக்குச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு மேல் தொடங்கியது. ஸ்கூபல் 6 இன்னிங்ஸ் வீசி 13 பேரைத் தனியாளாக வெளியேற்றினார், கொடுத்தது ஒரே ஓட்டம். அவர் இறங்கும்போது டைகர்ஸ் முன்னிலை. அடுத்த இன்னிங்ஸிலேயே அது போனது. 15 இன்னிங்ஸ்வரை இழுத்து, நமக்கு மதியம் 1 மணி தாண்டி, 3-2 என்று தோற்றார்கள். அடுப்பில் நான் வைத்த சாம்பார் எனக்காகக் காத்திருந்து சுண்டியே போனது. அந்த ஆட்டத்தில் குறைந்தது ஸ்கூபல் அல்ல. ஓட்டம் எடுக்க ஒரு மட்டையும், அவருக்குப் பின்னால் வீச இரண்டு கைகளும். 2025 ஜூலையில் பிரிவின் உச்சியில் இருந்தபோது அதை வாங்கியிருக்கலாம். பெரிதாக எதையும் கொடுக்க மனமில்லாமல் சில்லறைச் சரக்காகப் பார்த்து வாங்கினார்கள். அப்போது வந்த சார்லி மோர்ட்டனைச் செப்டம்பர் முடிவதற்குள் விடுவித்தும்விட்டார்கள்.

டெட்ராய்ட் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1984இல். அண்ணனே அப்போது பிறக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாகக் கோப்பைக்கு மூன்று படி கீழே நிற்கும் ஓர் அணி, தன்னிடம் உள்ள ஒரே ஒப்பற்ற ஆளைக் கொடுத்துவிட்டு 2029க்காகக் காத்திருக்கலாம் என்றால், அந்த 2029 எந்தப் பெரெஸின் தோளில் இருக்கிறது? என் ஓட்டு வைத்துக்கொள்வதற்கே. வைத்துக்கொண்டு, இந்த முறை கையில் உள்ள பையன்களில் ஒருவரைக் கொடுத்தாவது மட்டை வீரர் ஒருவரை வாங்கவேண்டும். ஜூலைக்குள் அணி கீழே விழுந்துவிட்டால் அப்போது ஃபிளாஹர்ட்டி வழி இருக்கவே இருக்கிறது.

“ஜூலைல பாதி விலைகூடக் கிடைக்காது” என்கிறார் அண்ணன். உண்மைதான், வாங்குகிறவருக்கு மிச்சம் இரண்டு மாத ஸ்கூபல்தான். அந்தப் பாதி விலை நட்டத்துக்கு ஈடாக ஒரு முழு வசந்தம் அவர் வீசுவதைப் பார்க்கலாமே என்றேன். டிக்கெட் எடுப்பது யார் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.