தலை அரிப்புக்குப் பயிர் மருந்தா?

கேள்வி: எங்களுக்குப் போர் தண்ணீர்தான். ஒன்பதாவது படிக்கும் மகளுக்குத் தலை வறண்டு, வெள்ளை வெள்ளையாக உதிர்கிறது. அரிப்பும் தாங்கவில்லை. மக்காச்சோளத்துக்கு அடித்த மருந்து கொஞ்சம் மீதி இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்தால் பொடுகு, பேன் எல்லாம் போய்விடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். தேய்க்கலாமா?
- வாசகி, பல்லடம் வட்டாரம்.

பதில்: வேண்டவே வேண்டாம், சகோதரி. நான் தோல் மருத்துவர் அல்ல. ஆனால் பூச்சிமருந்தும் தண்ணீரும் என் வேலையோடு சேர்ந்தவை என்பதால் சொல்கிறேன். முன்கைத் தோலைவிட உச்சந்தலைத் தோல் சில பூச்சிமருந்துகளை மூன்று மடங்குக்கும் மேலாக உறிஞ்சும். சொறிந்த புண் இருந்தால் இன்னும் வேகமாக உள்ளே போகும். எண்ணெயில் கலப்பதால் விஷம் குறையாது. யாராவது ஏற்கெனவே தேய்த்திருந்தால், உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாந்தி, மயக்கம், அதிக வியர்வை, மூச்சுத் திணறல் வரும்வரை காத்திருக்காமல், மருந்து பாட்டிலையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கலாம்.

அடுத்து தண்ணீர். சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறதே, அந்தச் சுண்ணாம்பு உப்புதான் சோப்புடன் சேர்ந்து பிசுக்காக முடியிலும் ஒட்டுகிறது. ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் பிடித்து, சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். நுரை வராமல் திரிதிரியாகத் திரிந்தால் அது கடினத் தண்ணீர். அப்படியானால் குளியல் சோப்பைத் தலைக்குப் போடாதீர்கள். அரப்பு, சீயக்காய் அல்லது மென்மையான ஷாம்பு போதும். கடைசியாக அலச மட்டும் ஒரு குடம் மழைத்தண்ணீரோ ஆற்றுத்தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறி, தெளிந்த தண்ணீரை இறுத்து ஊற்றலாம். சுடச்சுட ஊற்றினால் தலை இன்னும் வறளும்.

உதிர்வது பொடிப்பொடியாக, காய்ந்து இருந்தால் வறட்சி. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெய் தேய்த்தால் குறையும். செதில் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருந்தால் பொடுகு. அதற்கு எண்ணெயை ஊறவிடக் கூடாது. மருந்துக்கடையில் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு கிடைக்கும். வாரம் இரண்டு முறை தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். நான்கு வாரத்துக்குள் குணம் தெரிய வேண்டும்.

பேன் இருந்தால் ஈரத் தலையில் பேன் சீப்பால் சில நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் விடாமல் வாருங்கள். வீட்டில் மற்றவர்கள் தலையையும் பாருங்கள். வட்டமாக முடி கொட்டுதல், சீழ், தடித்த செதில் இருந்தால் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

மீதி மருந்தைப் பழைய எண்ணெய் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். லேபிளோடு அதே பாட்டிலில், பிள்ளைகளுக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரரிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.