ரப்பர் பல்

நீலகிரி மலை ரயில் கல்லாறிலிருந்து குன்னூர் வரை, 1899-லிருந்து, இரும்புப் பல்லைப் பிடித்துத்தான் ஏறுகிறது. உங்கள் கார்? சங்கிலி வைத்த இன்ஜின் இல்லையென்றால், ரப்பர் பல். பெயர், டைமிங் பெல்ட்.

அது அறுந்தால் வால்வுகள் அப்படியே நின்றுவிடும். பிஸ்டன் நிற்காது, மேலே வந்து மோதும். பல இன்ஜின்களில் வால்வு வளைந்து, பெல்ட் செலவு இன்ஜின் செலவாகிவிடும். பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. மலை இறக்கத்தில் நடந்தால் ஸ்டீயரிங் கனக்கும். சில மிதிகளில் பிரேக்கும் கல்லாகிவிடும்.

பழைய கார் வாங்கும்போது எதைப் பார்க்கிறோம்? சீட் கவர், ஸ்டீரியோ. ‘கம்மியா ஓடின வண்டி சார்’ என்கிறார் தரகர். மீட்டரைத் திருப்பி வைக்கலாம், பெல்ட்டின் தேய்மானத்தைத் திருப்ப முடியாது. நிஜமாகவே ஓடாத வண்டி என்றாலும் ரப்பருக்கு வயசாகும். அறுந்தபின் இன்ஷூரன்ஸ்காரரிடம் போனால், ‘தேய்மானம்’ என்று கைவிரிப்பார்.

வண்டி கைமாறும்போது ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் கேட்கிற அரசாங்கம், பெல்ட் மாற்றிய தேதியையும் கேட்டால் என்ன? கம்பெனிகளும் கெடுவைக் கையேட்டுக்குள் புதைக்காமல் டாஷ்போர்டில் சிவப்பாக எரியவிட்டால் என்ன?

அதுவரை கல்லாறு தாண்டுமுன் நீங்களே கேளுங்கள்: ‘பெல்ட் எப்ப மாத்தினது?’ பதில் இல்லையென்றால், மேட்டுப்பாளையத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் போங்கள்.