வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

வீடு வாங்கப் போகிறவன் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு பட்டியல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. தாய்ப்பத்திரம் கைக்கு வந்துச்சா? முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தியா? பட்டா யார் பேர்ல? வக்கீல்கிட்ட காட்டுனியா? நானும் எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியான பதில் கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன். விலை பேசி முடித்து, ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமெண்டும் எழுதியாயிற்று. பேங்க் லோனுக்குக் காகிதம் கொடுக்கிற சமயம் வீட்டுக்காரர் காபி கொடுத்தபடியே கேட்டார்: "சார் பூர்வீகம் எது?" ஊர்ப் பேரைச் சொன்னேன். "ஊருக்குள்ளயா, காலனியா?" "காலனிதான்." அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு காபி வேணுமா என்றுகூடக் கேட்டார். ஒரு வாரம் கழித்துப் புரோக்கர் போன் பண்ணினான்: "சார், அவங்க பொண்ணு விக்க வேணாங்குதாம். அட்வான்ஸ வந்து வாங்கிக்கங்க." இரண்டு மாசத்தில் அதே வீடு வேறொருத்தருக்குக் கிரயமாயிற்று. எனக்குப் பேசினதைவிடக் குறைந்த விலைக்கு.

தோழர்கள் கேட்பீர்கள், அக்ரிமெண்ட் இருக்கே, விட்டுட்டியா? சட்டம் சொல்வது இது. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின்படி அக்ரிமெண்ட் சொத்தை உனக்கு ஆக்காது. பதிவான கிரயப் பத்திரம்தான் ஆக்கும். ஆனால் பேசினபடி எழுதிக் கொடு என்று அக்ரிமெண்டை வைத்துக் கேஸ் போடலாம். நான் போடவில்லை. ஆறு வருஷம் கோர்ட்டுக்கு நடந்து டிகிரி வாங்கி, எவன் எவன் தடுத்தானோ அவன்களுக்கு நடுவில் பெண்டாட்டி பிள்ளையோடு போய்க் குடியிருக்கணுமே என்று பயந்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு, "இனி யாதொரு பாத்தியதையும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்துக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்துப் போட்டது. "நமக்கு வாங்கத்தான்டா உடமாட்டானுங்க. விக்கறதுன்னா ராவோட ராவா வந்து எழுதி வாங்கிக்குவானுங்க." என் தாத்தா 1967இல் ஊர்க்காரர் ஒருவருக்கு இரண்டு ஏக்கரைக் கிரயம் பண்ணிக் கொடுத்த பத்திர நகல் அது. வாங்கின கடனுக்கு. கீழே கைநாட்டு. மேலே அவர் பேருக்குப் பக்கத்தில் சாதி. பழைய பத்திரங்களில் அப்படித்தான், இன்னார் மகன் என்று எழுதி, கூடவே சாதியையும் எழுதுவார்கள். சக்குபந்தியில் "சேரிக்குப் போகும் வழிக்குக் கிழக்கு" என்று இருந்தது. கடைசியில் வழக்கமான மந்திரம்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ளவும். யாதொரு வில்லங்கமும் இல்லை."

வில்லங்கம் இல்லையா? அந்த நிலமே பஞ்சமி நிலம்.

செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்துக்கு வேர் என்று அதில் காட்டினார். அதன் பேரில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாக இயக்கங்கள் சொல்லி வருகின்றன. நிபந்தனை என்ன? முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டும்தான் விற்கலாம். மீறினால் சர்க்கார் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் என் தாத்தா கைநாட்டு வைத்த அந்தக் கிரயம் எப்படிப் பதிவாயிற்று? எழுதினவனுக்குத் தெரியாதா? கணக்கு எழுதின கர்ணத்துக்குத் தெரியாதா? நிலம் யாருடையது, என்ன வகை என்பது கர்ணத்தின் கணக்கில்தான் இருந்தது. அந்தக் கணக்கு ஊர்த் தெருவில் இருந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. அதற்குள் நிலமும் கை மாறிவிட்டது. எண்பதுகளில் யு.டி.ஆர். என்று பதிவேடுகளைப் புதுப்பித்தபோது எத்தனையோ சர்வே எண்களுக்கு எதிரே இருந்த நிபந்தனைக் குறிப்பு காணாமல் போயிற்று. அனுபவிக்கிறவன் பேரில் பட்டா ஏறிற்று.

இன்றைக்கு அந்த இரண்டு ஏக்கரில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். வாங்க வருகிறவர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போடுகிறார்கள். சுத்தமாக இருக்கிறது. சுத்தமாகத்தானே இருக்கும்! வில்லங்கச் சான்றில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். சர்க்கார் 1892இல் போட்ட நிபந்தனை அதில் வராது. முப்பது வருஷம் மட்டும் பார்த்தால் 1967ஆம் வருஷத்துக் கைநாட்டும் வராது.

ரெஜிஸ்தர் ஆனால் நிலம் நம்முடையதுதானே என்று கேட்கிறவர்கள் இதைப் புரிந்துகொள்ளுங்கள். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் பத்திரத்தைத்தான் பதிவு செய்கிறது, உரிமையை அல்ல. தன்னிடம் இல்லாததை ஒருத்தன் விற்றால் சீல் குத்தினதால் அது நல்ல கிரயம் ஆகிவிடாது. உரிமையில் குறை இருந்தால் வாங்குகிறவனுக்குச் சொல்ல வேண்டியது விற்கிறவன் கடமை என்று 1882ஆம் வருஷத்துச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. எவன் சொல்கிறான்?

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்தச் சட்டத்திலும் எழுதாத நிபந்தனை ஒன்று, "சேரிக்காரனுக்கு விற்காதே" என்பது. அது டவுனில் ஒரு எழுத்து பிசகாமல் நிறைவேறுகிறது. சர்க்கார் எழுத்தில் எழுதின நிபந்தனை ஒன்று, "சேரிக்காரனைத் தவிர யாருக்கும் விற்காதே" என்பது. அதைப் படிக்க ஆள் இல்லை. நம்மைத் தள்ளி வைக்கிற சாதிக்குக் காகிதம் தேவையில்லை. நம்மைக் காப்பாற்ற எழுதின காகிதத்துக்குக் கண் இல்லை. இதை ஊழல், அலட்சியம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்களை நான் நம்பமாட்டேன். ஒரே கைதான் இரண்டையும் செய்கிறது.

சட்டம் துணைக்கு வருமா? 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு நம் நிலத்தைப் பறிப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் வீடு விற்க மாட்டேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவனை எந்தப் பிரிவில் பிடிப்பது? 2005இல் உச்ச நீதிமன்றம், ஆமதாபாத்தில் ஒரு வீட்டு வசதிச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்குவோம் என்று வைத்திருந்த விதி செல்லும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன்னைக் காத்துக்கொள்கிற விஷயம் அது என்பார்கள். ஊரின் ஒவ்வொரு தெருவும் சங்கமே வைக்காமல் அந்த விதியை நடத்திக்கொண்டிருப்பதற்கு என்ன பேர்?

படித்து வேலைக்குப் போய் டவுனில் வீடு வாங்கிவிட்டால் சேரி பின்னால் போய்விடும் என்று நானும் நம்பினேன். என்னைப் போல நம்புகிற மாணவத் தோழர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒத்தை ஒத்தையாய் ஊர்த் தெருவுக்குள் நுழைந்து தப்பிக்கிற வழி இல்லை. போன நிலத்தைக் கேட்காமல் வீட்டைக் கேட்க முடியாது.

காரியத்துக்கு வருவோம். உங்கள் ஊர் 'அ' பதிவேட்டையும், யு.டி.ஆருக்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டையும் 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சர்வே எண்ணாகப் பாருங்கள். நிபந்தனைக் குறிப்பு எங்கே மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தாசில்தாருக்கும் சப்-ரிஜிஸ்திராருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வீட்டில் பெரியவர்கள் யாரும் வெற்றுப் பத்திரத்தில் கைநாட்டு வைக்க விடாதீர்கள். பவர் கொடுத்துவிட்டால் கிரயம் ஆனது போலத்தான் என்று புரோக்கர் சொன்னால் நம்பாதீர்கள். பவர் பத்திரத்தால் சொத்து மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

காரணையில் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அவர்கள் கேட்டதும் ஒரு பட்டாவைத்தான். அடுத்த முறை யாராவது "வில்லங்கம் பாத்தாச்சா?" என்று கேட்டால், 1892லிருந்து பார்க்கணும் என்று சொல்லுங்கள். நான் என் தாத்தாவின் சர்வே எண்ணுக்கு மனு போட்டுவிட்டேன். பதில் வரவில்லை. மேல்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன்.