ஊட்டி டூர்: பத்து பாயிண்ட் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)

ஊட்டி டூர் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியதும் நம் வகுப்பில் கிளம்பும் விசில் சத்தம் ஒர்க்‌ஷாப் கூரையையே தூக்கிவிடும். ஆனால் போய்த் திரும்பியவனைப் பிடித்து, "என்னடா பார்த்தே?" என்று கேட்டுப் பாருங்கள். போட் ஹவுஸ், ரோஸ் கார்டன், ஷூட்டிங் ஸ்பாட், தொட்டபெட்டா, வர்க்கி, ஹோம்மேட் சாக்லேட். அவ்வளவுதான்! பஸ்காரர் கையில் வைத்திருக்கும் பத்து பாயிண்ட் லிஸ்ட் முடிந்தால் ஊட்டியும் முடிந்தது. ஒவ்வொரு பாயிண்டிலும் அரை மணி நேரம், அதில் இருபது நிமிடம் போட்டோ.

இதில் எனக்கு முதல் கோபம் காசைப் பற்றியது. பஸ் வாடகை, ரூம், ஒவ்வொரு பாயிண்டிலும் நுழைவுக் கட்டணம், படகு என்று சேர்த்து ஒரு தொகையைச் சொல்கிறார்கள். கட்ட முடியாதவன் என்ன செய்கிறான்? "எனக்கு மலைப்பாதை ஒத்துக்காதுப்பா, வாந்தி வரும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறான். அவனுக்கு வாந்தியும் வராது, ஒன்றும் வராது என்பது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியும். உண்மையில் அந்த மலையில் பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம், கால் இருந்தால் போதும்.

முதலில் ரயிலைச் சொல்கிறேன். நாம் மெக்கானிக்கல்காரர்கள் அல்லவா! மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் மலை ரயிலில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டே போதும். இடம் குறைவு, அதனால் வெகு முன்பே எடுக்க வேண்டும். 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த பாதை இது. மொத்தம் 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் 12-க்கு 1. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கும். ஆகவே தண்டவாளத்தின் நடுவே இரண்டு வரிசையாகப் பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். ஒரு வரிசையின் பல்லும் அடுத்த வரிசையின் பல்லும் நேருக்கு நேர் நிற்காமல் விலகி நிற்கும். பினியன் ஒரு பல்லை விட்டு விலகும்போதே இன்னொரு பல்லைப் பிடித்திருக்கும். நீராவி எஞ்சினில் நாலு சிலிண்டர். உயர் அழுத்த நீராவி முதலில் சாதாரணச் சக்கரங்களைத் தள்ளும். அங்கே வேலை முடிந்த நீராவியே தாழ் அழுத்த சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து முட்டிக்கொண்டே மேலே ஏற்றுகிறது. ராக் அண்ட் பினியன் என்று செய்முறை நோட்டில் படம் வரைந்து கலர் அடித்தவர்கள் எல்லாரும் ஒருமுறை அந்தச் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டாமா? குன்னூரிலிருந்து டீசல் எஞ்சின் இழுத்துப் போகும். முழு டிக்கெட் கிடைக்காவிட்டால் குன்னூர் - ஊட்டி மட்டுமாவது போகலாம்.

போகிற வழியில் லவ்டேலில் இறங்கி விடுங்கள். அங்கிருந்து ஊட்டி ஸ்டேஷன் ரயில் கணக்கில் நாலு கிலோமீட்டர்தான். ரோட்டு வழியாக நடந்தால் கொஞ்சம் கூடலாம். தண்டவாளத்தில் நடக்கவே கூடாது, அது வேறு விஷயம். நடந்தால்தான் தேயிலையின் வாசனையும் யூகலிப்டஸின் வாசனையும் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்தது முத்தோரை. எத்தனை பேருக்குத் தெரியும்? 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி மலைச்சரிவில் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது. 1970-லிருந்து வேலை செய்கிறது. அந்தச் சரிவை ஏன் தேடிப் பிடித்தார்கள் தெரியுமா? சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு விண்மீனைச் சுமார் ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். மலையையே இயந்திரத்தின் பாகமாக்கிவிட்டார்கள்! இதை விட்டுவிட்டு ஷூட்டிங் ஸ்பாட்டுக்கு விரைகிறது நம் பஸ். கல்லூரி லெட்டர்ஹெட்டில் முன்கூட்டியே எழுதி அனுமதி கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பைக்காராவும் அப்படியே. படகு விட்டோம், வந்தோம். 1932-லேயே அந்த ஆற்றிலிருந்து மின்சாரம் எடுத்தார்கள் என்பதும், கோவை மில்கள் அதில் ஓடின என்பதும் எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கே புதுச் செய்தியாக இருக்கிறது. அதே ஆறுதான் கீழே மாயாறாகி பவானிசாகருக்கு வருகிறது. மேலே "வெறும் புல்லுதானே" என்று நாம் மிதித்துவிட்டு, பிஸ்கட் கவரையும் போட்டுவிட்டு வருகிறோமே, அந்தப் புல்வெளியும் சோலைக்காடும்தான் மழைநீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் மெல்ல மெல்ல விடுகின்றன. சீகை மரமும் யூகலிப்டசும் நட்டே அதில் பெரும்பகுதியை அழித்தாயிற்று. மிச்சத்துக்கு நம் பங்கு வேறு வேண்டுமா?

இன்னொன்று. கோத்தர் என்ற மலைமக்கள் கொல்லு வேலை, மண்பாண்டம், தச்சு மூன்றையும் பரம்பரையாகச் செய்து தோடர், படகர் எல்லாருக்கும் கொடுத்து வந்தார்கள். நம்முடைய ஸ்மித்தி செக்‌ஷனும் கார்ப்பென்டரி செக்‌ஷனும் ஒரே ஊரில்! எந்த கைடு இதைச் சொன்னார்?

மாணவிகள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ஏறுகிற இடம் வந்தால் "நீங்க பஸ்லயே இருங்கம்மா" என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். அவர்களும் அதே காசுதானே கட்டினார்கள்? நான் சொல்வது காட்டுக்குள் மலையேற்றம் அல்ல. அதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், யானையும் காட்டெருமையும் நம் ஐடி கார்டைப் பார்க்காது. ரோட்டில் நடப்பதற்கு யார் தடை?

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை: அடுத்த டூருக்கு பஸ் பேசுவதற்கு முன் ரயில் டிக்கெட் பாருங்கள், முத்தோரைக்கு இப்போதே கடிதம் போடுங்கள். 2024 மே முதல் ஊட்டிக்கு வண்டியில் போவதென்றால் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. ரயிலில் போனால் அந்த வேலையும் இல்லை. மிச்சமாகும் காசில் "வாந்தி வரும்" நண்பர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிப் போகலாம். ஸ்வெட்டர் இல்லாதவர்கள் என்னிடம் சொல்லுங்கள், வீட்டில் ரெண்டு இருக்கிறது.