வாய் திறந்து பேசுவோமே!



வருமுன் காப்பதன் பெருமையை மூன்று மீன்களின் கதையைக் கொண்டு வகுப்பில் விளக்குகிறோம். நம் வீட்டில் நாம் எந்த மீனாக இருக்கிறோம்?

ஈராண்டுகளுக்கு முன் என் பெரியப்பா பக்கவாதத்தால் மயங்கி விழுந்தார். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்கருவி பொருத்தினார்கள். நான்காம் நாள் மருத்துவர் பிள்ளைகள் இருவரையும் அழைத்தார். நினைவு திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு என்று கூறி, "உங்கள் தந்தையார் எதை விரும்பியிருப்பார்?" என வினவினார். இருவருக்கும் விடை தெரியவில்லை. "கருவியை எடுத்தால் அப்பாவை நாமே கொன்றதாகும்" என்றார் அண்ணன். "இப்படிக் கிடத்தி வதைக்கலாமா?" என்று அழுதார் அக்கா. பதினொரு நாள் கழித்துப் பெரியப்பா மறைந்தார். அண்ணனும் அக்காவும் இன்றும் பேசிக்கொள்வதில்லை.

இத்தனைக்கும் பெரியப்பா முன்யோசனை மிக்கவர். தோட்டத்தில் வேலை செய்த காலந்தொட்டு மரண சகாய நிதிக்குத் தவறாமல் சந்தா கட்டியவர். ஈமச்சடங்கிற்குப் பணம் ஒதுக்கத் தெரிந்த நமக்கு, இறப்புக்கு முந்தைய நாள்களைப் பற்றிப் பேச மட்டும் நா எழுவதில்லை. யாரேனும் தொடங்கினால், "வாயில் நல்ல வார்த்தையே வராதா?" என்று அடக்கிவிடுகிறோம்.

அண்டை நாடான சிங்கப்பூரில் 1996ஆம் ஆண்டிலேயே இதற்கொரு சட்டம் இயற்றப்பட்டது. 21 வயது நிறைந்தவர், தீரா நோயின் இறுதிக் கட்டத்தில் உயிரைச் செயற்கையாக நீட்டிக்கும் சிகிச்சை வேண்டா என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். சாட்சிகள் இருவர், அவர்களுள் ஒருவர் மருத்துவராக இருத்தல் வேண்டும். நம் மலேசியாவில் அத்தகைய தனிச் சட்டம் இல்லை. ஆகவே, குடும்பத்தாரிடம் சொல்லி வைப்பது இங்கே இன்னும் இன்றியமையாததாகிறது.

"எல்லாம் இறைவன் கையில், பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்" என்போர் உளர். அந்தப் பிள்ளைகள்மீது எத்துணைப் பாரத்தை ஏற்றுகிறோம் என்பதை எண்ண வேண்டும். கருவியை மறுப்பது நோயாளியைக் கைவிடுவதும் அன்று. வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும் பராமரிப்பு இறுதிவரை தொடரும். 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா, கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று இத்தொண்டை ஆற்றி வருகிறது. மாறாக, "கடைசி மூச்சுவரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும்" என்பதே ஒருவரின் விருப்பமாயின் அதையும் அவரே சொல்லட்டும்.

சென்ற தீபாவளிக்கு மறுநாள், தயங்கித் தயங்கி அம்மாவிடம் இதைக் கேட்டேன். சினம் கொள்வார் என்று அஞ்சினேன். முறுக்குத் தகரத்தை மூடியபடியே, "மூக்குல குழாய் வேணாம்பா. வீட்ல, சாமி படம் தெரியிற எடத்துல படுக்க வெச்சிரு, போதும்" என்றார். பலகாலமாக யாரேனும் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல் இருந்தது அவர் முகம்.

பிறகு, "சரி, உனக்கு எப்படி?" என்று திருப்பிக் கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. இவ்வார இறுதியில் மனைவி மக்களோடு அமர்ந்து பேசவிருக்கிறேன். நீங்களும் பேசுங்கள்.